பழைய கேம்பர் வேன்: 20 கிலோமீட்டர் தாண்டினால் இழுவை போகிறது, ஃபில்டரில் கறுப்புக் கூழ்

ஓரவழி | சனி, காலை 6:50

வணக்கம் நண்பர்களே. 1991 மாடல் கேம்பர் வேன். 2.5 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது ரோட்டரி பம்ப். 80 லிட்டர் இரும்பு டேங்க். 14 மாதம் ஓடாமல் வெளியிலேயே நின்றிருந்தது. அப்போது டேங்கில் கால் பங்கு டீசல் இருந்தது. போன மாதம் பேட்டரி மாற்றி, 30 லிட்டர் புது டீசல் ஊற்றினேன். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. சத்தமும் பழையபடியே இருந்தது.

பிரச்சினை சாலையில்தான். 20 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் மேடு ஏறும்போது இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஜெர்க் அடிக்கிறது. கடைசியில் ஆஃப். ஓரமாக நிறுத்தி 10 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. 5 கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை.

ஃபில்டர் மாற்றிப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்தபோது டீசலோடு கறுப்பாகக் கூழ் போல ஏதோ வந்தது. உள்ளே இருக்கும் டீசல் ஹீட்டரும் இரண்டு வாரமாக வெள்ளைப் புகை விட்டு அணைந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

மூன்று வாரத்தில் குடும்பத்தோடு நீண்ட பயணம் இருக்கிறது. கையில் நாலு ஃபில்டர் வைத்துக்கொண்டு, அடைக்க அடைக்க மாற்றிக்கொண்டே போய்விடலாமா?


டீசல்கை | சனி, காலை 8:15

போகாதீர்கள் தம்பி. அடைப்பு வந்தால் ஃபில்டர் மாற்றலாம், பம்ப் போனால் என்ன செய்வீர்கள்? ரோட்டரி பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு உயவு. அந்த டீசலில் தண்ணீர் கலந்து போனால் உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டும் அதன் உறையும் துருப்பிடிக்கும், கீறல் விழும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. அந்த இடத்தில் கீறல் விழுந்தால் பம்பையே கழற்றித் தர வேண்டியிருக்கும்.

நீங்கள் சொன்னதில் முக்கியமான விஷயம் அந்த 10 நிமிடம். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் ஒரு வலை இருக்கும். ஓட ஓட கசடு அந்த வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்றுவிடும், கசடு தானாகக் கழன்று கீழே விழும். அதனால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மேட்டில் முதலில் தெரிவதற்குக் காரணம், அங்கேதான் இன்ஜின் அதிக டீசல் கேட்கிறது.

ஆனாலும் இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு. அடுத்த முறை நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது, கசடு அல்ல. அடுத்து, பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. குமிழி இல்லாமல் ஹோஸ் ஒடுங்கி நெளிந்தால் அதற்கு முன்பே, டேங்க் பக்கத்தில் அடைப்பு.


ஓரவழி | சனி, மாலை 5:30

நன்றி அண்ணா. இன்றே ஓட்டிப் பார்த்தேன். 22ஆவது கிலோமீட்டரில் நின்றது. மூடியைத் திறந்தேன், காற்றுச் சத்தமே இல்லை. கண்ணாடி ஹோஸில் குமிழியும் இல்லை. ஆனால் ரேஸ் கொடுத்தபோது ஹோஸ் நடுவில் ஒட்டிப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

கழற்றிய ஃபில்டரின் தகரத்தை வெட்டிப் பிரிக்கலாமா? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை.


டீசல்கை | சனி, மாலை 6:05

கண்டிப்பாகப் பிரியுங்கள். ரம்பம், கிரைண்டர் வேண்டாம். பொறி ஒரு பக்கம், அறுத்த இரும்புத்தூள் காகிதத்தில் ஒட்டி உங்களையே ஏமாற்றும் என்பது இன்னொரு பக்கம். தகரம் வெட்டும் கத்திரி போதும். காகிதத்தின் மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

கூடவே இன்னொரு வேலை. டேங்கின் அடியில் வடிகால் போல்ட் இருந்தால் மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருகிற ஒரு லிட்டரை மட்டும் அகலமான கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். நடுவில் வருவது வேண்டாம், அடிமட்டம்தான் வேண்டும். ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள்.


ஓரவழி | ஞாயிறு, காலை 9:20

பார்த்துவிட்டேன்.

ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் மாட்டுக்கண் சளி போல வழவழப்பாகப் பழுப்பும் கறுப்புமாகக் கூழ். விரலில் எடுத்தால் நூல் போல இழுபடுகிறது. நாற்றம் டீசல் நாற்றம் இல்லை, தேங்கிய குட்டை வாடை. கீழே கொஞ்சம் செம்மண் நிறத் தூள். காந்தம் வைத்தேன், பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை.

ஜாடியில் மூன்று அடுக்கு. மேலே டீசல், கொஞ்சம் கலங்கல். நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்குக் கறுப்புப் பஞ்சு மாதிரி ஒரு படலம், ஜாடியைச் சாய்த்தால் அப்படியே தோல் போலச் சாய்கிறது. அடியில் தெளிந்த தண்ணீர். அந்த ஒரு லிட்டரில் தண்ணீரை மட்டும் பிரித்து அளந்தேன், 350 மில்லி.

14 மாதம் கால் டேங்கோடு நிறுத்தியதால் காற்றின் ஈரம் குளிர்ந்து இவ்வளவு தண்ணீர் சேர்ந்துவிட்டதா?


ஆய்வுமேசை | ஞாயிறு, காலை 11:00

எரிபொருள் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். உங்கள் ஜாடி பாடம் நடத்தலாம் போல இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தத் தோல்தான் நுண்ணுயிர்க் கூட்டம். பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எல்லாம் சேர்ந்தே இருக்கும். இதில் பேர்போனது ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் சொல்வார்கள், விமான எரிபொருள் டேங்குகளிலும் வளரும். இவற்றுக்குச் சாப்பாடு டீசல், குடியிருப்பு தண்ணீர். அதனால்தான் டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் மட்டும் படலம் கட்டுகிறது. தண்ணீர் இல்லாத டேங்கில் இவை வளர முடியாது.

இவை வெளிவிடும் அமிலம் இரும்பை அரிக்கும். நீங்கள் பார்த்த செந்தூள் அதுவாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டாததால் துரு இல்லை என்று நினைக்க வேண்டாம், சிவப்புத் துரு காந்தத்தில் சரியாக ஒட்டாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காற்றின் ஈரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி வெப்பத்தில் முழு ஈரம் ஏறிய காற்று, ஒரு கன மீட்டரில் சுமார் 17 கிராம் நீராவி வைத்திருக்கும். உங்கள் டேங்கில் காலியிடம் 60 லிட்டர். அவ்வளவு காற்றிலும் இருப்பது ஒரே ஒரு கிராம் தண்ணீர். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் டேங்க் வெளியே விட்டு உள்ளே இழுக்கும் காற்று மொத்தத்தில் 20இல் 1 பங்குதான். ஈரம் முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 14 மாதத்துக்கு 20 மில்லி சொச்சம்தான் வரும்.

உங்களிடம் இருப்பது 350 மில்லி. அதுவும் முதல் லிட்டரில் மட்டும். இந்தத் தண்ணீர் திரவமாகவே உள்ளே போயிருக்கிறது. வழியைக் கண்டுபிடிக்காமல் டேங்கைக் கழுவினால் அடுத்த மழையில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.


சாலைநிழல் | ஞாயிறு, மதியம் 1:40

இவ்வளவு வேலை எதற்கு? எனக்கும் தண்ணீர் வந்தது. ஒரு பாட்டில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி டேங்கில் ஊற்றினேன். தண்ணீர் டீசலோடு கலந்து எரிந்துபோய்விட்டது. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.


டீசல்கை | ஞாயிறு, மதியம் 2:25

உங்கள் டேங்கில் ஒரு கரண்டி தண்ணீர் இருந்திருக்கும் நண்பரே, தப்பித்துவிட்டீர்கள். 350 மில்லிக்கு அது ஒத்துவராது. ஆல்கஹால் செய்வது என்ன? அடியில் சும்மா கிடந்த தண்ணீரைத் தூக்கி டீசலோடு பம்புக்கே அனுப்புகிறது. ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் கலந்த தண்ணீரைப் பிடிக்காது. உயவுத்தன்மையும் குறையும். பழைய பம்பின் ரப்பர் சீல்களும் கெடலாம்.

தண்ணீர் நீக்கும் திரவம் என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரை டீசலுக்குள் பால் போலக் கலக்கும். இன்னொன்று தண்ணீரைத் திரட்டி அடியில் இறக்கும். ரோட்டரி பம்புக்கு நான் ஒருபோதும் முதல் வகையை ஊற்ற மாட்டேன். இரண்டாவதை ஊற்றினாலும் வடித்து எடுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வடிகால்தான் கடைசி வழி, அதை முதலிலேயே செய்துவிடலாமே.


சாலைநிழல் | ஞாயிறு, மதியம் 3:00

சரி, அளவு வித்தியாசம் புரிகிறது. அப்படியானால் பூஞ்சைக்கொல்லி? அதை ஊற்றினால் செத்துவிடாதா?


ஆய்வுமேசை | ஞாயிறு, மாலை 4:10

சாகும். ஆனால் செத்த உடல் எங்கே போகும்? டேங்கின் சுவரில் ஒட்டியிருந்த படலம் எல்லாம் உரிந்து தாள் தாளாக ஃபில்டருக்கு வரும். பெரிய அளவில் வளர்ந்த டேங்கில் மருந்தை மட்டும் ஊற்றினால், அடுத்த சில நாள் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

அதனால் முதலில் கையால் கழுவிச் சுத்தம், பிறகு மருந்து. கழுவி மாட்டிய டேங்கில், டப்பாவில் சிகிச்சைக்கு என்று போட்டிருக்கும் அளவில் ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, குழாய், பம்ப், மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் எல்லாவற்றிலும் மருந்து போய்ச் சேர்ந்ததும் டப்பாவில் சொன்ன நேரம் அப்படியே விட வேண்டும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இந்த மருந்துகளில் பல தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.


மலைக்காற்று | ஞாயிறு, இரவு 8:45

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். குடிதண்ணீர் டேங்கின் மூடியும் டீசல் மூடியும் உங்கள் வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா?

எங்கள் வண்டியில் அப்படித்தான். இரண்டும் ஒரே நீலச் சாவி, ஒரே கறுப்பு மூடி. ஒரு நாள் சாயங்காலம் உதவி செய்ய வந்த உறவுக்காரப் பையன் தண்ணீர் ஹோஸை டீசல் கழுத்தில் சொருகிவிட்டான். 15 லிட்டர் போன பிறகுதான் நான் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் சாவியைத் தொடாதது. தொட்டிருந்தால் பம்புக்குள் தண்ணீர் போயிருக்கும். இழுவை வண்டி வைத்துக் கொண்டுபோய், டேங்கை முழுக்கக் காலி செய்து, துடைத்து உலர்த்தி மாட்டினோம். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது டீசல் மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே பெரிய எழுத்தில் டீசல் என்று எழுதி வைத்திருக்கிறோம். சாவியையும் பிரித்துவிட்டோம். மறுபக்கமும் நடக்கும்: டீசலைக் குடிதண்ணீர் டேங்கில் ஊற்றியவர்கள் உண்டு. அந்த பிளாஸ்டிக் டேங்கை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது, மாற்றத்தான் வேண்டும்.


ஓரவழி | திங்கள், காலை 6:30

இல்லை அக்கா, எனக்குத் தண்ணீர் மூடி மறுபக்கம். அப்படி நடக்க வாய்ப்பில்லை. ஆனால் உங்கள் பதிவைப் படித்த கையோடு எழுந்து போய் என் டீசல் மூடியைப் பார்த்தேன். வண்டியின் பக்கவாட்டில் ஒரு குழிக்குள் இருக்கிறது. குழிக்குள் காய்ந்த இலையும் மண்ணும். மூடியின் ரப்பர் வாஷர் நகத்தால் அழுத்தினால் அழுந்தவில்லை, கல்லாகிவிட்டது.

டேங்கை இறக்கப் போகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?


டீசல்கை | திங்கள், காலை 7:50

அந்தக் குழியை மறக்காதீர்கள், அதற்குத் திரும்பி வருவோம். மழைநீர் வெளியேற அந்தக் குழியில் ஒரு சிறு துளையும் கீழே ஒரு ரப்பர் குழாயும் இருக்கும். அடைத்திருந்தால் குழி கிண்ணமாகிவிடும்.

டேங்க் இறக்குவதற்கு: பேட்டரி முனையைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பட்டறைப் பள்ளத்துக்குள் இறங்கி வேண்டாம். டீசலை முடிந்தவரை காலி செய்துவிடுங்கள், 50 லிட்டர் என்றால் 40 கிலோவுக்கு மேல். ஜாக்கியின் மேல் அகலமான பலகை வைத்து டேங்கைத் தாங்கிய பிறகே பட்டைகளின் போல்ட்டில் கை வையுங்கள். அந்த போல்ட்டுகள் 30 வருடத் துருவில் இருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள், இல்லாவிட்டால் முறியும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

எந்த ஹோஸ் எங்கே என்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயும் ரிட்டர்ன் குழாயும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். பம்ப் பக்கத்தில் கழற்ற நேர்ந்தால் இன்னும் கவனம். பல ரோட்டரி பம்புகளில் ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் அவுட் என்று அச்சிட்டிருக்கும், அதற்குள் ஊசி முனை அளவு துளை இருக்கும். உள்ளே வரும் போல்ட்டில் அந்தத் தடை கிடையாது. இரண்டையும் மாற்றி மாட்டினால் டீசல் வராது, பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பம்பைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேங்கைக் கழுவ: டீசல் அளவு காட்டும் சென்டர் யூனிட்டைக் கழற்றி, சூடான தண்ணீரும் சோப்புத் தூளும் ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளோ ஒரு முழம் சங்கிலியோ போட்டுக் குலுக்குங்கள். எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். அழுக்குத் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு முழுக்க உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவும் வேண்டாம். வெயில், சாதாரண காற்று, பொறுமை. துரு தெரிந்தால் சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு நாள் ஊற்றி வைக்கலாம். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கில் ஆவி நிற்கும், நிறைந்த டேங்கைவிட அதுதான் ஆபத்து. டீசல்தானே என்று அலட்சியம் வேண்டாம், பழைய வண்டியில் யாராவது எப்போதாவது பெட்ரோல் கலந்திருப்பார்கள்.

உள்ளே பூச்சு அடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சரியாக ஒட்டாத பூச்சு இரண்டு வருடத்தில் உரிந்து, கசடைவிடப் பெரிய துண்டுகளாக வலையில் போய் உட்காரும்.


ஏர்கூல்டு77 | திங்கள், மாலை 6:15

நடுவில் நுழைகிறேன். என்னுடையது பெட்ரோல் கேம்பர், கார்புரேட்டர். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?


ஆய்வுமேசை | திங்கள், இரவு 7:30

பாதி பொருந்தும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் கதை வேறு. எத்தனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், கிட்டத்தட்ட அரை சதவீதத் தண்ணீர்வரை தாங்கும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய்விடும், உறிஞ்சு குழாய் அதைத்தான் முதலில் இழுக்கும். பிரிந்த பெட்ரோலைத் திரும்பக் கலக்க முயலாதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. அரக்கு போலப் பளபளப்புப் படலம் என்றால் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஹோஸ்களைப் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உள்பக்கம் உதிரும், வெளியே வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். வளைத்துப் பார்த்து ஒரு கீறல் தெரிந்தாலும் அத்தனையையும் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.


ஓரவழி | புதன், இரவு 9:10

டேங்க் கீழே இறங்கிவிட்டது. வலை முழுக்க அந்தத் தோல் சுற்றியிருந்தது, ஈரத் துணியைச் சுருட்டி வைத்தது போல. வலையின் கண்ணே தெரியவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். டேங்க் இல்லாத நேரத்தில் கழுத்துக் குழாயின் கீழ் முனையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினேன். மேலே மூடியை நன்றாக மூடிவிட்டு, குழிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வடியவே இல்லை, கிண்ணம் போல மூடியைச் சுற்றி நின்றது. அரை நிமிடத்தில் கீழே துணி ஈரமானது. ஐந்து நிமிடத்தில் சொட்டத் தொடங்கியது. கல்லான வாஷர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

குழியின் வடிகால் துளையில் கம்பி விட்டேன். பென்சில் நீளத்துக்கு மண் உருளையாக வெளியே வந்தது. 14 மாதம் ஒவ்வொரு மழைக்கும் இதே வேலை நடந்திருக்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டிய ஆய்வுமேசை அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் காற்றின் ஈரம் என்று நினைத்து இதைத் தேடியே இருக்க மாட்டேன்.


ஆய்வுமேசை | புதன், இரவு 9:40

மிகவும் சந்தோஷம். வெள்ளைத் துணி வைத்துப் பார்த்தது அருமையான சோதனை, இந்த வரிசை வண்டி வைத்திருக்கும் எல்லோரும் செய்து பார்க்கலாம். மூடியை முழுதாகவே மாற்றுங்கள், வாஷரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். மூச்சுத் துளை உள்ள மூடியா இல்லாததா என்று பார்த்து அதே வகை வாங்க வேண்டும்.


டீசல்கை | வியாழன், காலை 7:00

சபாஷ் தம்பி. இனி மாட்டும்போது ஒன்று. டேங்கிலிருந்து பம்ப்வரை போகும் இரும்புக் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் விட்டுவிடாதீர்கள். இரு முனையும் கழற்றி, டேங்க் பக்கத்திலிருந்து கொஞ்சம் சுத்தமான டீசல் விட்டு, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். பம்பில் மாட்டியபடி ஊதினால் அத்தனை கசடும் பம்புக்குள் போகும்.

டேங்க் காய இரண்டு நாள் ஆகும் என்றால், அதற்குள் பம்ப் பிழைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 10 லிட்டர் டீசல் கேன் ஒன்றைத் துடைத்துச் சுத்தமாக வைத்து, இன்ஜின் சூடு படாத இடத்தில் அசையாமல் கட்டுங்கள். உறிஞ்சு ஹோஸை ஃபில்டர் வழியாக அந்தக் கேனிலிருந்து கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்குள் போக வேண்டும். இதை மறந்துவிட்டால் டீசல் வேறெங்கோ ஒழுகிக் கேன் சீக்கிரம் காலியாகும், ரோட்டரி பம்ப் எரிப்பதைவிடச் சுற்றவிடும் டீசல் அதிகம். நின்ற இடத்திலேயே ஓட விட்டு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ஏர்கூல்டு நண்பரே, பெட்ரோல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

புது ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டுவீர்கள். நடுத் துளையில் ஊற்றாதீர்கள், அது பெரும்பாலும் வடிகட்டிய பக்கம். அங்கே ஊற்றுவது வடிகட்டாமல் நேராகப் பம்புக்குப் போகும். சுற்றிலும் இருக்கும் சின்னத் துளைகளில் ஊற்றுங்கள்.


ஓரவழி | வியாழன், மாலை 6:20

அண்ணா, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில், அதாவது ஏர் எடுப்பதில், சந்தேகம். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப் பம்பை அழுத்தி, மேலே உள்ள ஸ்க்ரூவில் குமிழி நிற்கும்வரை எடுத்துவிட்டேன். ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கலாமா?


டீசல்கை | வியாழன், மாலை 6:45

வேண்டாம், செல்ஃப் மோட்டார் எரிந்துவிடும். ஒரு தடவைக்கு 15 விநாடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு.

இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் நான்கு குழாய்களின் நட்டையும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். மேலே துணி போடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் கையைத் தூரமாக வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் நுரை, பிறகு சொட்டு, பிறகு விட்டுவிட்டுத் தெறிக்கும். தெறிக்கத் தொடங்கிய நட்டை, செல்ஃபை நிறுத்திவிட்டு இறுக்குங்கள். இரண்டு மூன்று இறுக்கியதுமே இன்ஜின் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும்.

இன்ஜின் ஓடும்போது ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்தக் குழாயில் அழுத்தம் 100 பாருக்கு மேல். மயிரிழை ஓட்டையில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகிவிடும், சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதுதான் வழி. ஒருவேளை பட்டுவிட்டால் வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.


ஓரவழி | வியாழன், இரவு 8:00

ஸ்டார்ட் ஆகிவிட்டது! மூன்றாவது நட்டை இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. கேனிலிருந்து 40 நிமிடம் ஓட விட்டேன். கண்ணாடி ஹோஸ் ஒருமுறைகூட ஒட்டவில்லை. ரேஸ் கொடுத்தால் தடுமாற்றமே இல்லை. பம்ப் பிழைத்துவிட்டது என்று சொல்லலாமா?


டீசல்கை | வியாழன், இரவு 8:20

சூடான பிறகு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். தேய்ந்த பம்ப் குளிரில் நன்றாகப் பிடித்து, சூட்டில்தான் மக்கர் செய்யும். சூட்டிலும் உடனே பிடித்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.


மலைக்காற்று | வெள்ளி, காலை 10:30

பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. நாங்கள் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் குனிந்து பார்த்தால் தண்ணீர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.


டீசல்கை | வெள்ளி, காலை 11:15

போடலாம், டீசலுக்கென்றே செய்த பெரிய கிண்ணமாக இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு வரும் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டரை நடுவில் சொருகுவது நல்லதில்லை. இந்த வகை வண்டிகள் பலவற்றில் டேங்க் பக்கத்தில் டீசலைத் தள்ளிவிடும் ஃபீட் பம்ப் கிடையாது, ரோட்டரி பம்பே அவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கிறது. குறுகலான எதுவும் அதற்குப் பாரம். கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரளும்போது முதலில் அடைப்பதும் அந்தச் சின்ன ஃபில்டர்தான்.


ஓரவழி | அடுத்த வாரம் சனி, மாலை 5:00

முழு விவரம் சொல்லிவிடுகிறேன். சூட்டிலும் பிடிக்கிறது. டேங்க் ஆறு முறை கழுவி, ஒரு நாள் சிட்ரிக் அமிலம், மறுபடி கழுவல், இரண்டு நாள் வெயில். உள்ளே டார்ச் அடித்தால் சாம்பல் நிற இரும்பு தெரிகிறது. புது வலை, புது மூடி, குழியின் வடிகாலுக்குப் புது ரப்பர் குழாய். மறுபடி குவளைத் தண்ணீர் ஊற்றினேன். நிற்காமல் கீழே ஓடியது. கழுவிய அழுக்கு, பழைய டீசல் எல்லாவற்றையும் கேனில் அடைத்துக் கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.

40 லிட்டர் புது டீசல், மருந்து, ஒரு ராத்திரி ஊறல். நேற்றும் இன்றும் சேர்த்து 280 கிலோமீட்டர் ஓட்டினேன், அதில் நீளமான ஏற்றம் இரண்டு. எங்கேயும் நிற்கவில்லை. வந்ததும் ஃபில்டரின் அடி வடிகாலைத் திறந்து ஜாடியில் பிடித்தேன். தண்ணீர் இல்லை. மிளகு போல நாலைந்து கறுப்புத் துகள் மட்டும்.

ஹீட்டர் மட்டும் இன்னும் புகை விடுகிறது.


டீசல்கை | சனி, மாலை 5:40

நாலைந்து துகள் பரவாயில்லை, குழாய்ச் சுவரில் மிச்சம் இருப்பது. இந்த ஃபில்டரை 500 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், பழையதைப் பிரித்துப் பாருங்கள்.

ஹீட்டர் டேங்கிலிருந்து தனிக் குழாயில் இழுக்கிறது. டேங்க் முழுக்கக் காலியாகாமல் இருக்க அதன் முனை கொஞ்சம் உயரத்தில் நிற்கும். பல ஹீட்டர்களில் டிக் டிக்கென்று அடிக்கும் அந்தச் சின்னப் பம்பின் வாயில் ஒரு குட்டி வலை இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். குழாயில் இருக்கும் பழைய டீசலையும் வெளியேற்றுங்கள். அதற்கப்புறமும் புகை வந்தால் எரியறையில் கரி படிந்திருக்கும், அது தனி வேலை.


ஓரவழி | ஞாயிறு, காலை 8:30

வலையில் அதே தோல், சுண்டைக்காய் அளவு. சுத்தம் செய்து, பழைய டீசலை வெளியேற்றி மாட்டினேன். முதல் தடவை ஐந்து நிமிடம் புகைந்தது, இரண்டாவது தடவை புகையே இல்லாமல் பிடித்து ஒரு மணி நேரம் ஓடியது. வரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். 500 கிலோமீட்டருக்கு ஒரு ஃபில்டரும், 17 நம்பர் ஸ்பானரும், அந்தக் கண்ணாடி ஜாடியும் வண்டியில் ஏறிவிட்டன. பிரித்த ஃபில்டரின் ஃபோட்டோவை இதே இழையில் போடுகிறேன்.